கொலுப்படியும் போர்மேசையும்

நவராத்திரி விழா நெருங்கும் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் தமிழகத்துப் பொம்மைகள் வந்து இறங்குகின்றன. தசாவதாரம் ஒரு பெட்டி. திருமண ஊர்வலம் ஒரு பெட்டி. பருத்த வயிற்றோடு கடை பரப்பி அமர்ந்திருக்கும் செட்டியாரும் ஆச்சியும் ஒரு பெட்டி. விலையைக் கேட்டு இல்லத்தரசியர் மலைப்பதில்லை. வாங்கி வந்த பொம்மைகள் கூடத்தில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமைந்த படிகளில் ஏறி அமர்கின்றன. ஒன்பது இரவுகள் விளக்கேற்றிப் பாடிச் சுண்டல் வழங்கி, உறவினர் எல்லாரும் வந்து பார்த்துப் புகழ்ந்து செல்கின்றனர்.

அதே இல்லத்தின் மாடியறையில் பதினாறு வயது மகன் ஒருவன் மேசைவிளக்கின் கீழ்க் குனிந்திருப்பான். அவன் கையில் கட்டைவிரலின் மேற்கணுவைவிடச் சிறிதே உயரமான படைவீரன் ஒருவன். அவ்வீரனின் இடைவாரில் உள்ள கொக்கிக்குப் பித்தளை நிறம் ஏற்றுவதற்காக மகன் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், வாயிலில் நிற்கும் தந்தை கேட்பார்: “இன்னும் பொம்மை வைத்து விளையாடுகிற வயதாடா உனக்கு?”

கீழே கூடத்தில் இருப்பதும் பொம்மை. மேலே மேசையில் இருப்பதும் பொம்மை. கீழே இருப்பது விலை கொடுத்து வாங்கப்பட்டது. மேலே இருப்பது பிள்ளையின் கையால் தீட்டப்பட்டது. வாங்கியதற்குக் கற்பூரம், தீட்டியதற்கு வசை! கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் இல்லங்களில் இந்த முரண்பாடு முரண்பாடாகவே எவருக்கும் தோன்றுவதில்லை. கலைமகளின் திருவுருவத்திற்கு முன்னால் தூரிகையையும் எழுதுகோலையும் வைத்து வழிபடுகின்ற ஒரு சமுதாயம், மறுநாள் அத்தூரிகையை மகன் எடுத்தால் முகம் சுளிக்கின்றது.

இச்சிற்றுருவக் கலையின் தன்மையைப் பழிப்போர் அறிந்து பழிக்கின்றனரா என்றால், இல்லை. மேசைமீது மலையும் ஆறும் பாழடைந்த கோட்டையும் அமைத்து, இருவர் எதிரெதிரே அமர்ந்து, தாயக்கட்டைகளை உருட்டி, அளவுகோலால் தூரம் அளந்து, தத்தம் படைகளை நகர்த்தி ஆடும் போர்விளையாட்டு அது. படைவீரன் ஒவ்வொருவனும் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் உயர அளவில் வார்க்கப்பட்டவன். பிரஷ்ய நாட்டுப் படையதிகாரியான ரைஸ்விட்ஸ் 1824-இல் தம் நாட்டுப் படைத்தலைவர்களுக்குப் பயிற்சியளிக்க இத்தகைய ஆட்டம் ஒன்றை வகுத்தார். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் ‘சிறு போர்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூல் எழுதி அதனை வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவந்தார். 1975-இல் இலண்டனில் தொடங்கப்பெற்ற கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1983-இல் ‘வார்ஹாமர்’ என்னும் ஆட்டத்தையும், 1987-இல் அதன் எதிர்கால வடிவத்தையும் வெளியிட்ட பின்னர், அது உலகெங்கும் பரவியது. கோலாலம்பூரிலும் வார இறுதிகளில் இளைஞர் சிலர் நீண்ட மேசைகளைச் சூழ்ந்து நிற்பதைக் காணலாம். அவர்களிடையே தமிழ்ப் பிள்ளைகளும் உளர்.

இது மேனாட்டார் சரக்கு என்று ஒதுக்க முற்படுவோர் சற்றே பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் ஒரு பலகையில் நிறுத்தி ஆடிய சதுரங்கம் இந்திய மண்ணில் பிறந்தது. ஐரோப்பியர் தம் போர்விளையாட்டை முதன்முதலில் அமைத்தபோது சதுரங்கப் பலகையை விரித்தே அமைத்தனர். வெளியே போன பிள்ளை வேற்றுடை உடுத்தித் திரும்பி வந்தால், பெற்ற வீட்டார் அடையாளம் காண மறுப்பது போன்றது இவ்வெறுப்பு.

ஓர் உருவத்தைத் தீட்டி முடிக்க என்ன வேண்டும் என்பதைப் பார்த்தால், இகழ்ச்சி தானே அடங்கும். வார்ப்பில் எஞ்சிய பிசிறுகளை முதலில் கத்தியால் சீவ வேண்டும். பின் அடிப்பூச்சு. தெளிப்பானைக் கொண்டு அடிப்பூச்சு இடுவோர்க்கு இந்நாட்டின் வானிலையே முதற்பகை. மழை பெய்து ஓய்ந்த கிள்ளான் மாலையில் தெளித்தால், காற்றின் ஈரம் புகுந்து பூச்சு வெளிறி மணல்மணலாகிவிடும். காலை வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும், காத்திருத்தலே முதற்பாடம். அடுத்து, நீர் கலந்து மெலிதாக்கிய வண்ணத்தை இருமுறை மும்முறை ஏற்ற வேண்டும். ஒரே பூச்சில் முடிக்கும் அவசரக்காரனுக்கு முகத்தின் மூக்கும் உதடும் வண்ணக் குழம்பில் மூழ்கிப் போகும். பிறகு கருமை கலந்த நீர்த்த வண்ணத்தை ஓடவிட்டால், அது துணிமடிப்பின் பள்ளங்களில் தானே தேங்கி நிழலாகும். ஈரம் ஏறத்தாழ முழுவதும் துடைக்கப்பட்ட தூரிகையால் மேடுகளை வருடினால் அங்கே ஒளி பிறக்கும். ஒளி எத்திசையிலிருந்து வருகின்றது, எந்த மடிப்பு அதனை ஏற்கும், எது மறைக்கும் என்னும் அறிவு இல்லாதவன் இதைச் செய்ய இயலாது. கடைசியில் கண். கடுகினும் சிறிய அவ்வெள்ளைப் புள்ளியில் அதனினும் சிறிய கரும்புள்ளியை இடும்போது நாடித்துடிப்பும் கைக்குப் பகையாகும். இரு துடிப்புகளுக்கு இடையே தூரிகையைத் தொட்டெடுக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையைப் பொறுமையில்லாதவன் என்று எந்த ஆசிரியர் சொல்லுவார்?

புகைப்படம் எடுத்தல் இக்கலையின் மறுபாதி. இதனைத் தற்பெருமை என்று எள்ளுவோரும் உண்டு. வெறும் கண்ணுக்கு நிறைவாகத் தோன்றிய உருவம், படத்தில் பத்து மடங்காகப் பெருகியவுடன் தன் குறைகளை ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ளத் தொடங்கும். கழுத்தோரம் விட்டுப்போன வெள்ளை, வாளின் மீது ஒட்டிய தூரிகை மயிர், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரு கண்கள் அனைத்தும் வெளிப்படும். நண்பன் புகழலாம், படம் புகழாது. படம் எடுப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இருபுறமும் விளக்குகள், அவற்றின் கூர்மையைத் தணிக்க மெல்லிய வெண்தாள், பின்னால் சாயம் மங்கிய ஒரே நிறத் தாள், கருவி அசையாதிருக்க முக்காலி. இத்துணை அருகில் எடுக்கும்போது மூக்கு தெளிந்தால் தோள் மங்கும். ஆதலின் ஒளித்துளையைச் சுருக்கி, நெடுநேரம் ஒளியை உள்ளே விட வேண்டும். ஒளியியல் பாடத்தைப் பாடநூலில் படித்து மறந்த பிள்ளை இங்கே அதைக் கையால் கற்கின்றான்.

இவ்வளவும் சொன்ன பின்னரும், இது சிறுபிள்ளைத்தனம் என்பார் தம் வீட்டுக் கொலுவின் பக்கவாட்டைப் பார்ப்பாராக. அங்கே மண் குவித்து மலை எழுப்பி, அதன் உச்சியில் முருகனை நிறுத்தி, கேழ்வரகும் வெந்தயமும் முளைக்கவிட்டுச் சோலையாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் பதித்துக் குளமாக்கி, அதில் வாத்து மிதக்கவிட்டவர் யார்? பாட்டியல்லவா? பாட்டி கேழ்வரகு கொண்டு ஆக்கிய மலைச்சாரலைப் பேரன் நுரைக்கட்டியும் மரத்தூளும் கொண்டு ஆக்குகின்றான். வேறுபாடு அவ்வளவே. பாட்டியின் கைத்திறன் தாயிடம் வந்தபோது கடைப்பொருளாயிற்று. தவறிப்போய் அது பேரனிடம் முளைவிட்டிருக்கின்றது. அதைக் கிள்ளி எறிவதற்குத்தான் தந்தை வாயிலில் நிற்கின்றார்.

அடுத்த மறுப்பு தேர்வு. தொடக்கப்பள்ளி இறுதியில் நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வை அரசு 2021-இல் நீக்கிற்று. தேர்வு போயிற்று, தேர்வின் ஆவி போகவில்லை. எழுத எந்தத் தேர்வும் இல்லாத ஆண்டிலும் பிள்ளையை டியூஷனுக்கு ஓட்டிச் செல்லும் கார்களின் வரிசை குறையவில்லை. காட்சிக் கலைக் கல்வி பாடத்திட்டத்தில் இருக்கின்றது. கால அட்டவணையிலும் இருக்கின்றது. கணக்கு ஆசிரியர் ஒரு பாடவேளை கூடுதலாகக் கேட்டால் முதலில் பறிபோவது எது என்பதைப் பள்ளி வாயிற்காவலரும் அறிவார். கைக்கு வேலை கொடாத கல்வி, மூளைக்குக் கொடுக்கும் வேலையையும் பாதியாக்குகின்றது. மூன்று பங்கு நீருக்கு ஒரு பங்கு வண்ணம் என்று கலந்து பார்த்த மாணவனுக்கு விகிதம் என்னும் சொல்லை விளக்க வேண்டிய தேவையில்லை.

போர்விளையாட்டு வன்முறையை வளர்க்கும் என்பது மூன்றாவது மறுப்பு. இது மற்றவற்றைப் போல் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் வெல்ஸ் தம் நூலின் முடிவில் உண்மைப் போரின் அறிவின்மையையும் அழிவையும் சுட்டி, போர் வேண்டுவோர் பொம்மைகளோடு ஆடி அமையலாம் என்ற கருத்தையே வற்புறுத்தினார். அடுத்த ஆண்டே ஐரோப்பா முதல் உலகப் போரில் இறங்கியது. இறக்கியவர்கள் பொம்மை தீட்டிய சிறுவர்கள் அல்லர். ஒரு வீரனைத் தீட்ட ஆறு மணிநேரம் உழைத்த பிள்ளைக்கு, ஒரு கட்டையின் உருளலில் அவன் வீழ்வதைக் காணும்போது உயிரின் விலையைப் பற்றிச் சிறிதேனும் தோன்றும். கைப்பேசியில் ஒரு நொடிக்குப் பத்துப்பேரைச் சுட்டுத்தள்ளும் ஆட்டத்தில் அது தோன்றுவதில்லை. கைப்பேசியைக் கொடுத்துப் பிள்ளையை அமைதியாக உட்கார வைக்கும் பெற்றோர், தூரிகையைக் கண்டு வன்முறை என்று அஞ்சுவது நகைப்பிற்குரியது.

பணச்செலவு என்னும் குற்றச்சாட்டில் மட்டும் உண்மை உண்டு. வெளிநாட்டுப் பெட்டிகள் விலை மிக்கவை. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு எட்டாதவை. அதற்கு விடை பின்னர் வரும்.

இப்போது கோபுரத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டிய இடம் வந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருக்குடமுழுக்கு. அதற்கு முன் சாரம் கட்டி, சுதை உருவங்களைப் பழுதுபார்த்து, வண்ணம் தீட்டுகின்றனர். தீட்டுபவர் யார்? பெரும்பாலும் தமிழகத்திலிருந்து அனுமதிச் சீட்டோடு வந்து, மாதக்கணக்கில் தங்கி, வேலை முடிந்ததும் திரும்பிச் செல்லும் கலைஞர்கள். அவர்களுடைய திறன் வணங்கத்தக்கது. ஆனால் இரு நூற்றாண்டுகளாக இந்நாட்டில் வாழ்ந்து, காணுமிடமெல்லாம் கோவில் எழுப்பிய ஒரு சமுதாயம், அக்கோவிலின் யாளிக்குக் கண் திறக்கத் தன் பிள்ளைகளில் போதிய பேரைப் பயிற்றவில்லை என்பது வெட்கத்திற்குரியது. அனுமதிச் சீட்டு தாமதமாகும்போதெல்லாம் நிருவாகக் குழுவினர் அரசைக் குறை கூறுகின்றனர். குடமுழுக்கு மலரில் நன்கொடையாளரின் படங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. சாரத்தின் மேல் நின்று தீட்டியவரின் பெயரைத் தேடினாலும் கிடைப்பது அரிது. பொருளைப் போற்றிக் கையை இகழும் வழக்கத்திற்கு இதைவிடச் சான்று வேண்டா.

சிற்றுருவம் தமிழர்க்கு அயலானது என்பவர் தஞ்சைக்கு அருகிலுள்ள புள்ளமங்கைக்குச் சென்று வரலாம். சோழர் காலத் தொடக்கத்தில் எழுந்த அச்சிறு கோவிலின் அடித்தளத்தில் இராமகாதை கையகலக் கற்களில் செதுக்கப்பட்டுள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுத்த தாராசுரம் கோவிலில் நாயன்மார் வரலாறு சிறுசிறு சிற்பங்களாக வரிசை கட்டி நிற்கின்றது. வானளாவிய கோபுரம் எழுப்பிய இனம், குனிந்து பார்க்க வேண்டிய அளவிலும் கலை செய்தது. நிமிர்ந்து பார்ப்பதை மட்டும் பெருமையெனக் கொண்டது பிற்காலத்துப் பழக்கம்.

இனி, இளைஞர்களுக்கும் சில சொல்ல வேண்டும். பெற்றோரைக் கண்டித்து அவர்களை மட்டும் தட்டிக்கொடுப்பது நடுவுநிலை ஆகாது. பெட்டி பெட்டியாக வாங்கித் தீட்டாமல் அடுக்கி வைப்பவர் பலர். அவர்களுக்கும் கொலுப்பொம்மை வாங்கும் தாய்க்கும் என்ன வேறுபாடு? மற்றொன்று, இதனினும் பெரிது. அவர்கள் மேசையில் நிற்கும் படைகள் எவை? நெப்போலியனின் படை, வெலிங்டனின் படை, இல்லையேல் எங்கோ ஒரு விண்மீன் மண்டலத்தில் நாற்பதாயிரமாவது ஆண்டில் போரிடும் கவசப் படை. பெட்டிக்குள் யாரை வைப்பது என்று பிறர் முடிவு செய்கின்றனர். பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து அதே நிறத்தைப் பிள்ளைகள் ஏற்றுகின்றனர். கை தேர்ந்துவிட்டது, கண் இன்னும் அடகிலேயே இருக்கின்றது.

முதலாம் இராசேந்திரனின் கடற்படை 1025-இல் கடாரத்தின் மேல் சென்றது. அக்கடாரம் கிள்ளானிலிருந்து ஒரு பகல் பயணத்தில் எட்டும் கெடா மாநிலம். மேடையில் அதை முழங்காத சொற்பொழிவாளர் இல்லை. அப்படைவீரன் இடையில் என்ன கட்டியிருந்தான், கேடயம் வட்டமா நீளமா என்று கேட்டால் முழக்கம் நின்றுவிடும். தீட்ட வேண்டியவனுக்கு அந்தக் கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை. வெற்றுப் பெருமையைக் கொண்டு ஒரு கச்சைக்கு நிறம் ஏற்ற முடியாது. அவன் தஞ்சைப் பெரிய கோவிலின் உட்சுற்றில் 1931-இல் எசு.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களை நாட வேண்டும். அங்கே முப்புரம் எரிக்கத் தேரில் நிற்கும் சிவனையும் எதிர்நிற்கும் அசுரரையும் நோக்க வேண்டும். சிற்பங்களோடு ஒப்பிட வேண்டும். ஐயம் எழுந்த இடத்தில் ஐயத்தோடே தீட்ட வேண்டும். வரலாறு கற்பது என்பதற்கு வேறு பொருள் உண்டா?

கடாரம் மிகத் தொலைவு என்றால் 1943 தொலைவன்று. அவ்வாண்டு சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் மகளிர் பிரிவாகிய ஜான்சி ராணிப் படையை அமைத்தார். சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவத் தொழில் செய்த இலட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவி. சேர்ந்த பெண்களில் பெருந்தொகையினர் மலாயாத் தமிழர்; இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர் பலர்; இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராதவர் பலர். கோலாலம்பூரில் வசதியான இல்லத்தில் வளர்ந்த ஜானகி தேவர், பதின்ம வயதில் அப்படையில் சேர்ந்து அதன் முன்னணித் தலைவியருள் ஒருவரானார், ஜானகி ஆதி நாகப்பன் என்று பின்னாளில் அறியப்பெற்ற அவருக்கு இந்திய அரசு 2000-இல் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று, 2014-இல் மறைந்தார். காக்கி உடையும் தொப்பியும் அணிந்து துப்பாக்கி ஏந்தி அணிவகுத்த அப்பெண்களின் புகைப்படங்கள் இன்றும் உள்ளன. நெப்போலியனின் காவற்படையினர் எத்தனை பொத்தான் அணிந்தனர் என்று மனப்பாடமாகச் சொல்லும் பிரிக்பீல்ட்ஸ் இளைஞன், தன் பாட்டியோ பாட்டியின் தோழியோ அணிந்திருக்கக்கூடிய காக்கியின் சாயல் பழுப்பா பச்சையா என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா?

போரை மேசையில் வைப்பவர் போர் சுமத்திய சுமையையும் வைக்க வேண்டும். 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதைக்காக ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரை ஏற்றிச் சென்றனர். பல்லாயிரவர் காலராவாலும் பட்டினியாலும் அங்கேயே மாண்டனர். அப்பாதையைப் பற்றிய திரைப்படத்தில் வெள்ளைக்காரக் கைதிகள் சீழ்க்கை அடித்து நடக்கின்றனர். உலகம் அதைத்தான் நினைவில் வைத்திருக்கின்றது. தமிழ்க் கூலிக்குச் சிற்றுருவம் வார்த்து விற்க எந்த நிறுவனமும் முன்வரப்போவதில்லை. அவன் வாள் ஏந்தவில்லை, கட்டை சுமந்தான். அவனை வடிக்க வேண்டிய கை தமிழ்ப்பள்ளியில்தான் பழக வேண்டும்.

பணச்செலவுக்கு விடையும் இங்கேதான் இருக்கின்றது. வெளிநாட்டுப் பெட்டி வேண்டுவதில்லை. சூளையின்றிக் காற்றிலேயே இறுகும் களிமண் போதும். உள்ளே வளைத்த மெல்லிய கம்பி, மாணவர் பயன்படுத்தும் அக்ரிலிக் வண்ணம், நுனி கூரிய தூரிகைகள் இரண்டு, பழைய பால்டின் மூடி வண்ணத்தட்டாகும். உயரம் 28 மில்லிமீட்டராக இருக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் இல்லை. தொடங்கும் கைக்கு ஒரு விரல் நீளமே ஏற்றது. புகைப்படத்திற்கு ஆசிரியரின் கைப்பேசி போதும். பள்ளி நூலகத்தின் மூலையில் ஒரு மேசை. வாரத்தில் ஒரு மாலை. அந்நேரத்தை வேறு பாடத்திற்குக் கடன் கொடுக்க மறுக்கும் தலைமையாசிரியர் ஒருவர். கடைசியாகச் சொன்னதே கிடைத்தற்கரியது.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை முன்மொழிந்தால் எழும் முதற்கேள்வி எதுவென்று எவரும் ஊகிக்கலாம்: “இதனால் புள்ளி வருமா?” வராது. பத்து ஆண்டு கழித்துக் கோபுரச் சாரத்தில் ஏறக்கூடிய கை ஒன்று வரலாம்; பல் மருத்துவத்திற்கும், கடிகாரம் பழுதுபார்ப்பதற்கும், மின்கருவி இணைப்பதற்கும் நடுங்காத விரல்கள் சில வரலாம். அல்லது இவை ஒன்றுமே வராமல், ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஒரே வேலையில் மனம் ஒன்றி இருக்கத் தெரிந்த பிள்ளைகள் இருபது பேர் மட்டும் வரலாம். அதுவும் போதாது என்று சொல்லும் சங்கத்தினர் அதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யட்டும்.

1881-இல் கோலாலம்பூர் தீக்கும் வெள்ளத்திற்கும் இரையான பிறகு, அத்தாப்புக் குடிசைகளுக்கு மாற்றாகச் செங்கல்லால் நகரைக் கட்ட வேண்டுமென்று சுவெட்டன்ஹாம் ஆணையிட்டார். அதற்கான கல் அறுத்த சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பெயரே அதைச் சொல்லும். களிமண்ணால் பெயர் பெற்ற அவ்வூரில் இன்று களிமண் பிள்ளையார் கடல் கடந்து வருகின்றார். எழுதுபொருள் கடையில் களிமண் சிறு பொட்டலமாக, நெகிழித்தாள் சுற்றிக் கிடைக்கின்றது. ஒரு பொட்டலத்தில் விரல்நீள உருவங்கள் பல வடிக்கலாம். முதலாவது, காக்கி அணிந்த தோட்டத்துப் பெண். அடுத்த நால்வர், இரயில் கட்டை ஒன்றைத் தோளில் சுமந்து செல்பவர்கள். எஞ்சிய மண்ணில் கையில் வாளியோடு ஒரு பால்மரத் தொழிலாளி. அவருக்குத் தீட்ட வேண்டிய நிறம் எதுவென்று வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டு வரலாம்.